தங்கம் சிவந்த கலம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? நான்கு வருஷமாக நாம் இருவரும் வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுதியே காலத்தை ஓட்டிவிட்டோம். நீளமாக எழுதும் பழக்கம் விட்டுப்போனதில் பேனா திணறுகிறது. போனில் பேசலாமென்றால், போன தடவை நீங்கள் "சாப்டியா? சரி, அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்று எழுந்துபோய்விட்டீர்கள். கடிதத்தை அப்படி அண்ணியிடம் கொடுத்துவிட்டு நழுவ முடியாது பாருங்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு நிக்கல் கலம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவு, ஒரு வால்வு, அடியில் முழு வெல்டு. இங்கே மூன்று பட்டறைகளில் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றும் சோதனையிலேயே கசிந்தன. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

முன்பு நீங்கள் செய்துகொடுத்த கலத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வெல்டின் மேல் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை, அண்ணா. என் கைக்கும் ஒன்றுமில்லை. மோதிர விரலின் நுனி இல்லாமல் பழகிவிட்டது. பாத்திரம் கழுவாமல் தப்பிக்க நல்ல சாக்கு.

எதற்குக் கலம் என்று கேட்பீர்கள். தங்கத்தை எரிக்க. காற்றில் வைத்தால் தங்கம் கறுக்காது, தீயில் போட்டால் உருகுமே தவிர எரியாது, அமிலத்தில் போட்டாலும் அசையாது என்றுதானே நமக்கெல்லாம் தெரியும்? ஃப்ளூரின் என்றொரு வாயு இருக்கிறது. வெளிர் மஞ்சள் நிறம். கண்ணாடியில் ஈரம் பட்டிருந்தால் கண்ணாடியையே தின்னும். அதோடு சூடுபடுத்தினால் தங்கமும் பிடி கொடுத்துவிடுகிறது. ஒரு தங்க அணு ஐந்து ஃப்ளூரின்களைச் சேர்த்துக்கொண்டு தங்கப் பென்டாஃப்ளூரைடு என்ற சிவப்புப் படிகமாகிறது. உலகத்தில் சில ஆய்வகங்களில் செய்திருக்கிறார்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பதினோரு வருஷமாக அதை என் கண்ணால் பார்க்க வேண்டுமென்று இருக்கிறது.

பதில் போடுங்கள். "முடியாது" என்றாவது போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை


பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

முடியாது.

அந்த ஒரு வார்த்தையோடு தபாலில் போட்டுவிட இருந்தேன். உன் அண்ணி பிடுங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு ஸ்டாம்பு?" என்றாள். அதனால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நான் வெல்டிங் டார்ச்சைத் தொட்டு நான்கு வருஷமாகிறது. உன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த வாரமே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இப்போது லேத் மட்டும்தான். கடைசல் வேலையில் தப்பு நடந்தால் ஒரு இரும்புத் துண்டு வீணாகும், அவ்வளவுதான். யாருடைய விரலும் போகாது. வெல்டிங் மேஜையில் வேறொருவர் இருக்கிறார். நல்ல மனிதர். ஓயாமல் பேசுவார்.

ஊரெல்லாம் தங்கத்தை நகை செய்கிறது. எதற்கும் துருப்பிடிக்காத ஒன்றே ஒன்றைப் பிடித்துவைத்து அதைத் துருப்பிடிக்க வைக்க நீ பதினோரு வருஷமாகப் பாடுபடுகிறாய். அந்தத் தங்கத்தில் தனக்கொரு கம்மல் ஆகியிருக்கும் என்கிறாள் அண்ணி.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கலத்தை நான் பிறகு பார்க்கவே இல்லை. விசாரணை அறிக்கையில் இருந்த "பற்றவைப்புக் குறைபாடு" என்ற இரண்டு வார்த்தையைத்தான் பார்த்தேன். எந்த இடத்தில் என் கை தவறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கலம் உங்கள் ஆய்வகத்தில் கிடந்தால் அனுப்பு. அதைப் பார்க்காமல் இன்னொன்றைச் செய்ய என்னால் ஆகாது. பார்த்த பிறகும் செய்வேன் என்று சொல்லவில்லை.

விரலைப் பற்றி விளையாட்டாக எழுதாதே.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கலம் கிடங்கில் இருந்தது. எடுக்க நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதனால்தான் தாமதம் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் என் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, தினமும் காலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நச்சு நீக்கிச் சுத்தம் செய்த பிறகே கட்டினேன். பயமில்லாமல் தொடலாம்.

அண்ணா, அதை அறுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே பாருங்கள். பார்த்த பிறகு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். நான் வேறு ஏதேதோ எழுதி, நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தங்கை


ஏப்ரல் 6

தங்கைக்கு,

பார்சல் வந்து பத்து நாள் பிரிக்கவில்லை. பிரித்த அன்று பட்டறைக்கு விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன்.

ஹாக்ஸாவால் நீளவாக்கில் அறுத்தேன். மெஷினில் போட்டால் சூட்டில் தடயம் அழிந்துவிடும். அறுத்த முகத்தை அரத்தால் ராவி, எமரித் தாள் போட்டு, கண்ணாடி மாதிரி வரும்வரை தேய்த்தேன். பிறகு அமிலத்தால் துடைத்தேன். அப்படித் துடைத்தால்தான் வெல்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்று தனியாகத் தெரியும். லென்ஸை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

வெல்டு முழுசாக இருக்கிறது. அடிவரை உருகிப் பிடித்திருக்கிறது. ஒரு குமிழி இல்லை, ஒரு விரிசல் இல்லை.

ஓட்டை வெல்டில் விழவில்லை. அதை ஒட்டி அரை அங்குலம் தள்ளி, வெறும் தகட்டில் விழுந்திருக்கிறது. வெளியே பட்டாணி அளவு, உள்ளே ரூபாய்க் காசு அளவு. உள்ளேயிருந்து எரிந்து வந்த ஓட்டை. சுற்றிலும் கரி படிந்திருக்கிறது. நிக்கலிலும் ஃப்ளூரினிலும் கரி எங்கிருந்து வரும்? நான் படிக்காதவன்தான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கலத்தைத் துடைத்த திரவம் காயாமல் உள்ளே தங்கியிருந்தால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் டாங்கி ஒட்டவைக்கிற எவனுக்கும் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு தேடி வந்துவிட்டாள்.

இந்த நான்கு வருஷமும் விடுமுறை நாளில் நான் எங்கே போகிறேன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் வெல்டு வைத்த இடங்களுக்கெல்லாம் போனேன். ரொட்டிக் கடைப் பாய்லர், பால் பண்ணைத் தொட்டி, பள்ளிக்கூட மாடிப்படிக் கைப்பிடி, துணி ஆலை நீராவிக் குழாய். டார்ச் லைட்டும் லென்ஸும் எடுத்துக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று இடம். ஒன்றிலும் விரிசல் இல்லை. அப்போதும் நான் என்னை நம்பவில்லை. இத்தனையும் பிழைத்து, என் தங்கைக்குச் செய்தது மட்டும் எப்படி என்றுதான் நினைத்தேன்.

"உங்கள் வெல்டின் மேல் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை" என்று பிப்ரவரியில் எழுதியிருந்தாய். ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

உனக்கு எப்போது தெரியும்?

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்.

வலி மருந்து குறைந்து தலை தெளிந்ததும் என் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கலத்தைத் துடைத்த பிறகு, வெற்றிடத்தில் சூடேற்றி நான்கு நாள் உலர்த்த வேண்டும். திட்டத்தில் என் கையெழுத்தில் "96 மணி" என்று இருந்தது. அடுத்த பக்கத்தில், அதே கையெழுத்தில், செய்தது இருபது மணி. ஆய்வக இயக்குநர் திங்கட்கிழமை பார்வையிட வருகிறார் என்று அவசரப்பட்டேன். அவர் வரும்போது சிவப்பாக ஏதாவது காட்ட வேண்டும் என்று ஆசை.

விசாரணைக்கு வந்த மூவரும் கலத்தை அறுக்கவில்லை. ஓட்டை வெல்டை ஒட்டி இருந்ததால் அப்படி எழுதிவிட்டார்கள். நோட்டைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அறிக்கை வந்த பிறகு ஒரு நாள் நீங்கள் கட்டிலின் பக்கத்தில் நின்று என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "என் கைதாம்மா" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போனீர்கள். நான் தூங்கவில்லை.

அடுத்த வாரம் சொல்லலாம், வேலை நிலையான பிறகு சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, ஒரு கட்டத்தில் சொல்லாமல் இருந்ததே சொல்ல முடியாத காரணமாகிவிட்டது. நீங்கள் டார்ச்சை விட்டுவிட்டீர்கள் என்று அண்ணி போனில் சொன்னார்கள். கண்ணில் சிரமம், அதனால் விட்டிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பத்து மூன்று இடங்கள் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று உறுதியாக எழுத முடியவில்லை.

கலம் வேண்டாம், அண்ணா. அதைக் கேட்ட வாயை என்ன சொல்வது.

நோட்டின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து, இன்று காலை விசாரணைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் வெல்டின் மேல் எழுதிய குறையை நீக்கச் சொல்லியிருக்கிறேன்.

தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

கலம் தனிப் பார்சலில் வருகிறது. விவரம்:

நிக்கல், சுவர் கால் அங்குலம். அடியிலும் கழுத்திலும் ஆர்கன் வெல்டு, மூன்று சுற்று. முப்பது மடங்கு காற்றழுத்தத்துக்குத் தண்ணீர் வைத்துச் சோதித்தேன். ஒரு நாள் முழுக்க அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையவில்லை. தண்ணீர் வைத்ததால் உள்ளே ஈரம் இருக்கும் என்று எடுத்துக்கொள். மணிக்கணக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு கலத்தை வெட்டிப் போட்டுவிட்டேன். பழக்கம் விட்டுப்போனதில் வெல்டு கோணலாக ஓடியது. இது மூன்றாவது.

உனக்காகச் செய்ததாக நினைக்காதே. தங்கம் எரியும் என்று எழுதியிருந்தாய். அதை மண்டையிலிருந்து எடுக்க முடியவில்லை. நான் முப்பது வருஷம் தீயோடு இருந்தவன்.

இதற்குப் பதில் போட வேண்டாம். செய்து முடித்தால் எழுது.

அண்ணன்


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

முடிந்தது. நீங்கள் சொன்னபடி அதுவரை எழுதவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கலத்தை ஆறு நாள் உலர்த்தினேன். பிறகு ஃப்ளூரினை ஒரே மூச்சில் விடக் கூடாது. முதலில் ஒரு சிட்டிகை அளவு, பிறகு இன்னும் கொஞ்சம், சூட்டைக் கூட்டிக் கூட்டி. அப்போது நிக்கல் தன் உள்முகத்தில் தானே ஒரு தோல் வளர்த்துக்கொள்கிறது. ஃப்ளூரின் தின்னத் தொடங்கி, தின்ற மிச்சமே தடுப்பாகி, அதற்குமேல் போக முடியாமல் நின்றுவிடுகிறது. இதற்கு ஐந்து நாள். ஒவ்வொரு மணிக்கும் நோட்டில் எழுதினேன். பக்கத்து ஆய்வகத்து அம்மாளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கை வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள்.

அரை கிராம் தங்கத் தூள். ஃப்ளூரினும் ஆக்சிஜனும் சேர்த்து எட்டு மடங்கு காற்றழுத்தம். முந்நூற்று எழுபது டிகிரி. கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுத்த முள் மெல்ல மெல்ல இறங்கியது, அண்ணா. கசிவோ என்று கசிவு காட்டும் விளக்கைப் பார்த்தேன். கசிவு இல்லை. உள்ளே தங்கம் அந்த வாயுவைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஆறவைத்துத் திறந்தால் இளமஞ்சள் பொடி. அதற்குள் இருப்பது என்ன தெரியுமா? எரிவதற்கெல்லாம் காரணமான ஆக்சிஜன், யாரைக் கண்டாலும் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிற ஆக்சிஜன், இங்கே தன்னுடைய எலக்ட்ரான் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பறித்தது தங்கமும் ஆறு ஃப்ளூரின்களும் சேர்ந்த கூட்டணி. படிக்கும்போது இதை எத்தனையோ முறை தேர்வில் எழுதியிருக்கிறேன். பொடியாக எதிரே பார்த்தபோது வாயைத் திறந்தபடி நின்றேன்.

பிறகு அந்தப் பொடியை வெற்றிடத்தில் நூற்றெண்பது டிகிரிக்குச் சூடேற்றினேன். மேலே குளிரவைத்த ஒரு உலோகக் குழாய், ஆய்வகத்தில் அதை விரல் என்போம். ஆக்சிஜன் விடுபட்டுப் போனது, கொஞ்சம் ஃப்ளூரினும் போனது. மிச்சமிருந்தது ஆவியாக எழுந்து குளிர்ந்த விரலில் படிந்தது. ஈரமே இல்லாத ஆர்கன் பெட்டிக்குள் கையுறை மாட்டிக்கொண்டு திறந்தேன். உங்கள் டார்ச்சிலிருந்து வருமே, அதே ஆர்கன்தான்.

சிவப்பு.

எதைப் போன்ற சிவப்பு என்று எழுத நினைத்து நாலைந்து பொருள்களின் பெயரை எழுதி அடித்துவிட்டேன். எதுவும் சரியில்லை. தங்கம் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. எக்ஸ்ரே வைத்துப் பார்த்ததில், அணுக்கள் இரண்டிரண்டு தங்கமாகச் சேர்ந்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஃப்ளூரின்கள் பொதுவாக. இவ்வளவு ஆவேசமான பொருள், உள்ளே இவ்வளவு ஒழுங்கு. மூச்சுக் காற்றின் ஈரம் பட்டால் சீறிச் சிதைந்துவிடும். இருநூறு டிகிரியைத் தாண்டினால் ஃப்ளூரினைக் கைவிட்டு ஆரஞ்சு நிறத்துக்கு இறங்கிவிடும். அனுப்ப முடியாது, அண்ணா. படம் எடுத்தேன், படத்தில் செங்கல் பொடி மாதிரி இருக்கிறது. இருக்கிற இடத்துக்கு வந்துதான் பார்க்க வேண்டும்.

குழு அறிக்கையைத் திருத்திவிட்டது. நகல் இதோடு இருக்கிறது. "பற்றவைப்பில் குறையில்லை" என்று மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என்னை அடுத்த மாதம் முதல் ஒரு வருஷம் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். நியாயம்தான். அதுவரை படிகம் என் பொறுப்பில் இருக்கும்.

வாருங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் அது உங்கள் கலத்தில் பிறந்தது. அதனால் கேட்கிறேன்.

தங்கை


அக்டோபர் 4

அன்புத் தங்கைக்கு,

போன மாதக் கடைசியிலேயே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. உன் அண்ணி, "தங்கத்தப் பாக்கப் போனவரு தகரம் மாதிரி வந்திருக்கீங்க" என்று தைலம் தேய்த்தாள்.

அங்கே உன்னிடம் நான் சரியாகப் பேசவில்லை. நீ வாசலில் காத்திருந்தாய், ஆய்வகச் சட்டை கொடுத்தாய், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டாய். நானும் கைதி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையை நீட்டினேன். நீ சமைத்து வைத்திருந்தது தெரியும். தெரிந்தேதான் சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ்ஸில் பசித்தது.

பார்த்ததை அண்ணியிடம் சொல்ல உட்கார்ந்தேன். பாதியில் நின்றுவிட்டது. உன்னிடம் முயன்று பார்க்கிறேன்.

அந்தப் பெட்டி ஜன்னலில் நுண்ணோக்கியைத் திருப்பி, "இங்க பாருங்கண்ணா" என்றாய். முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணிமைதான் தெரிந்தது. நீ திருகைத் திருப்பியதும் வந்தது. சின்னச் சின்னப் பலகைகள், ஓரம் வெட்டியது போல நேராக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து. அந்தச் சிவப்பு. உலையில் இரும்பு சிவப்பாக இருக்கும், ஆனால் அது சூடு, ஆறினால் போய்விடும். இது ஆறிப்போய், குளிர்ந்துபோய், அப்படியே சிவப்பாக இருந்தது. எந்தத் தீயாலும் அமிலத்தாலும் அசைக்க முடியாத தங்கம், போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு நான் யாரென்று பார் என்று உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. நான் முப்பது வருஷமாக உலோகத்தை உருக்குகிறேன், அறுக்கிறேன், ராவுகிறேன். அது எனக்குத் தெரிந்த பொருள் என்று நினைத்திருந்தேன். அதற்கு இப்படியொரு முகம் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தெரியும் என்றே ஒரு கணம் தெரியவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டேன். மூச்சுப் பட்டால் கெட்டுவிடுமோ என்று. நடுவில் அத்தனை தடிமன் கண்ணாடி இருக்கிறது, மறந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது நீ படிகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நல்லா செஞ்சிருக்கே" என்றேன்.

இப்போது மற்றதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வெல்டிங் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பேச்சுக்கார மனிதர் எழுந்து இடம் கொடுத்தார், பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. திருத்திய அறிக்கையை அண்ணி நான்காக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தாள். எடுக்கவில்லை, அங்கேயே இருக்கிறது.

ஆனாலும் எனக்குக் கோபம் இருக்கிறது. விரல் போனதற்காக இல்லை, இருபது மணி நேரத்துக்காகவும் இல்லை. அவசரம் எல்லோருக்கும் வரும். நான் உன் கட்டில் பக்கத்தில் நின்றபோது நீ முழித்துக்கொண்டிருந்தாய். அதுதான் போக மறுக்கிறது. நீ உண்மையை எழுதியதால் போய்விடும் என்று நினைத்தேன். படிகத்தைப் பார்த்தால் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. எப்போது போகும் என்று எனக்கே தெரியவில்லை. நான்கு வருஷம் பிடித்தாலும் பிடிக்கும்.

ஒரு வருஷம் உன்னை ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். உன் அறையில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்? பின்பக்க அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஜன்னல் சிக்கிக்கொண்டிருந்தது, சரி செய்துவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நிலையத்தில் நிற்பேன்.

நான் அதிகம் பேசமாட்டேன். சில நாள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். கோபம் தீர்ந்த பிறகு வரலாம் என்று அங்கே காத்திருக்காதே. அது இருக்கும்போதே வா.

உன் அண்ணன்